குகன் பிறந்த திகதி

ஹவுன்ஸ்லோ, லண்டன்
9.2.1986

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? இங்கே குளிர்தான், ஆனால் அறையில் ஹீட்டர் இருக்கிறது, யோசிக்காதீர்கள்.

போன கிழமை என் அகதி விசாரணை நடந்தது. தம்பி குகனை ஆமி பிடித்துப் பத்து மாதமாகத் தகவல் இல்லை என்றுதான் சொல்ல இருந்தேன். மொழிபெயர்க்க வந்த யோகராஜா அண்ணை வாசலிலேயே மறித்தார். "பிடிச்சது மட்டும் போதாது. செத்திட்டான் எண்டால்தான் கேஸ் நிக்கும்." அப்படியே சொன்னேன். எந்த நாள் என்று அதிகாரி கேட்டார். அதை நான் யோசித்து வைக்கவில்லை. ஓகஸ்ட் 22 என்றேன், அவன் பிறந்த திகதி. எழுதிக்கொண்டு தேத்தண்ணியும் தந்தார்.

இப்போது அத்தாட்சி கேட்கிறார்கள். ஊர் விதானையாரைப் பிடித்து, அதே திகதி போட்டு, தம்பியின் மரணப் பத்திரம் எடுத்து அனுப்புங்கள். அங்கே அழ வேண்டிவரும். அதற்கு நீங்கள் நடிக்கத் தேவையில்லை.

பத்திரத்தோடு கொஞ்சம் பருத்தித்துறை வடையும் வையுங்கள். வேலைக்கு நேரமாகிவிட்டது.

அம்மா, அவனுக்கு அந்தியேட்டிக் கிரியை மட்டும் செய்துவிடாதீர்கள். செய்தால் அவன் உண்மையாகவே செத்துப்போவான்.

உங்கள் மூத்தவன்,
சிவானந்தன்