சண்டைக் காட்சிக்கு ஆள் வேண்டும்

செப்டம்பர் 9, செவ்வாய்

காலையிலேயே புழுக்கம். மேல்காற்று. துணி சீக்கிரம் காய்ந்துவிட்டது, அது ஒன்றுதான் லாபம். ஏரியில் மீன் இல்லை. என் வீட்டுக்காரர் தேவதாஸ் வெறும் கூடையோடு வந்து படுத்துவிட்டார்.

சினிமாவுக்கு ஆள் எடுக்கிறார்கள். மாதா கோயில் பக்கத்து வலைக்கூடத்தில் ஏஜென்ட், பெயர் பாபு. ஒவ்வொருத்தர் முகத்தையும் போனில் படம் பிடித்தார். நேராக, இடப்பக்கம், வலப்பக்கம்.

நான் சிரித்துவிட்டேன்.

“சிரிக்காதம்மா. மீனவங்க படம் இது.”

மீனவர்கள் சிரிக்க மாட்டார்களாம்!

“எனக்கு நடிக்கத் தெரியாதுங்க.”

“நடிக்கவே கூடாது. நடக்கத் தெரியுமில்ல, அது போதும்.”

பெயர் கொடுத்துவிட்டேன். ஸ்டெல்லா, வயது 31. மீஞ்சூர் பேக்கிங் கம்பெனியில் நிறுத்தியதிலிருந்து வீட்டில்தான் கிடக்கிறேன். இதுவாவது இருக்கட்டும்.

வாங்க வேண்டியது: பாத்திரம் தேய்க்கும் சோப்பு, ஊசி, அவருக்குத் தலைவலித் தைலம்.


செப்டம்பர் 11, வியாழன்

முதல் நாள். கால் வீங்கிவிட்டது.

விடியும் முன்பே வேன். முகத்துவாரத்துப் பக்கம் மணல்திட்டில் ஒரு குப்பமே கட்டி வைத்திருக்கிறார்கள். ஓலைக் குடிசைகள், உள்ளே ஒன்றுமில்லை, பின்பக்கம் சவுக்குக் கட்டை முட்டுக் கொடுத்து நிற்கிறது. குழந்தை, கோழி, குடம் எதுவும் இல்லாத குப்பம்.

கற்றுக்கொண்டவை:
கேமராவைப் பார்க்கக் கூடாது.
மூக்குத்தி, வாட்ச் கழற்ற வேண்டும்.
எல்லா நாளும் அதே சேலை. துவைக்கவும் கூடாது.
பேசுவதுபோல் வாயை அசைக்க வேண்டும், சத்தம் வரக் கூடாது.
“ஆக்‌ஷன்” என்றால் நட. “கட்” என்றால் நில். நின்ற இடத்துக்கே திரும்பி வந்து மறுபடி நட.

முகத்தில் கரி மாதிரி எதையோ பூசினார்கள். நாங்கள் பார்க்க மீனவர் மாதிரி இல்லையாம்.

நாங்கள் எங்கே நிற்பது, எப்போது நடப்பது எல்லாம் சொல்வது நந்தினி. உதவி இயக்குநர். சின்னப் பெண். வெயிலில் மூக்கு உரிந்துபோயிருக்கிறது. எல்லோரையும் “அக்கா, அண்ணா” என்கிறாள்.

கூடையோடு நடந்து திரும்பினால், எதிரில் அமலா அக்கா! கூடப் பிறந்தவள். அக்கரை ஊரில் அந்தோணி மாமாவுக்குக் கட்டிக்கொடுத்தது. அவர்கள் ஊரிலும் பாபு ஆள் எடுத்திருக்கிறார். வலை கட்டும் முறைக்காக இரண்டு ஊருக்கும் பாடு தகராறு வந்ததிலிருந்து அவளை நான் பார்க்கவே இல்லை.

பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அவள் முட்டையை எனக்கு வைத்தாள். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

பெண்கள் எல்லோரும் கலந்து உட்கார்ந்தோம். ஆண்கள் கலக்கவில்லை. அக்கரை ஆண்கள் தண்ணீர் டேங்குக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊர் ஆண்கள் இந்தப் பக்கம். டேங்குக்கு யார் வந்தாலும் மற்றப் பக்கம் பேச்சு நின்றது.


செப்டம்பர் 12, வெள்ளி

ஷூட்டிங் இல்லை. உடம்பு வலி. ரசம், அப்பளம்.

பாபு மறுபடி வந்தார். பெரிய சண்டைக் காட்சி எடுக்கிறார்களாம், ஆம்பிளைகள் நிறைய வேண்டும்.

“யாரு யாருக்கு சண்டை?” என்று வீட்டுக்காரர் தேவா கேட்டார்.

“ரெண்டு குப்பத்துக்கு நடுவுல. மீன் பிடிக்கிற எடத்துக்கோசரம்.”

வலைக்கூடத்தில் யாரோ மெதுவாக: “அக்கரைக்காரங்களும் வர்றாங்களா?”

“வராம? ரெண்டு ஊர்லயும்தான் ஆள் எடுக்கிறேன்.”

தேவா உடனே பெயர் கொடுத்தார். நேற்றுவரை சினிமா என்றாலே காறித் துப்பியவர்.

ஏரியில் எந்த ஊர் எந்த நாள் எங்கே வலை கட்டுவது என்று பாடு முறை உண்டு. எங்கள் முறையன்று அக்கரைக்காரர்கள் வலை கட்டினார்கள் என்கிறது எங்கள் ஊர். முகத்துவாரம் மணல் அடைத்ததும் பழைய முறை செத்துவிட்டது என்கிறார்கள் அவர்கள். அப்புறம் ஒரு நாள் தேவாவின் வலை அறுந்து கிடந்தது, கத்தியால் அறுத்தது. அறுத்தது அந்தோணி மாமாதான் என்று இவர் முடிவே செய்துவிட்டார். இவர்கள் இரண்டு பேரும் சகலை. என் கல்யாணத்தன்று மாமாதான் இவருக்கு மோதிரம் போட்டார்.


செப்டம்பர் 14, ஞாயிறு

பூசைக்குப் போனேன். பிரசங்கம் காதில் ஏறவில்லை.

வெளியே வரும்போது கேட்டது. டைரக்டருக்கு யாரோ பாடு தகராறைச் சொல்லியிருக்கிறார்கள். அவருக்கு ஒரே சந்தோஷமாம். “அப்ப ஊர் ஊரா பிரிச்சு நிறுத்துங்க. அந்த ஊர் ஆள் எதிர்ல இந்த ஊர் ஆள். மூஞ்சியில நெஜம் வரும்” என்றாராம்.

மத்தியானம் அக்கா போன்.

“ஸ்டெல்லா, எங்க வூட்டு ஆளு படகு தள்ற கழிய எடுத்து வெயில்ல காய வச்சிருக்காரு. இன்னாத்துக்குனு கேட்டா, ஷூட்டிங்ல குடுக்கிற கம்பு ரப்பராம், கையில நிக்கலையாம்.”

“வேணாம்னு சொல்லுக்கா.”

“சொன்னா கேக்குற ஆளா? நீ உங்க ஆள பாத்துக்க.”

போனை வைத்துவிட்டுக் கொல்லைப்புறம் போய்ப் பார்த்தேன். சுவரோரம் சாய்ந்திருக்கும் எங்கள் கழியைக் காணோம்.

இவரிடம் கேட்டேன். “படகுல கீது” என்றார். படகில் இல்லை. பார்த்துவிட்டுத்தான் கேட்டேன்.

“நீங்க ஷூட்டிங் போவாதீங்க.”

“நீ போலாம், நான் போவக்கூடாதா?”

“அக்கா அங்க நிப்பா. மாமா நிப்பாரு.”

“உங்க அக்கா அந்த ஊர்க்காரி ஆயி ரொம்ப நாளாச்சு” என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

குழம்பு அடிப்பிடித்துவிட்டது.


செப்டம்பர் 16, செவ்வாய்

ஒத்திகை. காற்றே இல்லை. ஏரி எண்ணெய் மாதிரி.

சண்டை மாஸ்டர் ரப்பர் கம்பு கொடுத்துச் சொல்லிக்கொடுத்தார். ஓங்கு, நிறுத்து, பக்கத்தில் இறக்கு. அடி வாங்குபவன் தானாக விழ வேண்டும். முதல் தடவை எல்லோரும் சிரித்தார்கள். இரண்டாம் தடவை சிரிப்பு குறைந்தது. மூன்றாம் தடவை எங்கள் ஊர்ப் பையன் ஒருவனுக்கு உதடு கிழிந்தது. அவன், தன்னை அடித்தவனின் அம்மாவை இழுத்துக் கத்தினான். அது வசனத்தில் இல்லை. மாஸ்டர் “கட், கட்” என்று தொண்டை கிழியக் கத்தியும் விலகவில்லை. ஸ்டண்ட் ஆட்கள் நடுவே புகுந்து பிரித்தார்கள்.

நந்தினியை ஓரமாக அழைத்துப் போய்ச் சொன்னேன். பாடு, அறுந்த வலை, காணாமல்போன கழி, எல்லாம். அவள் முகம் மாறிவிட்டது. டைரக்டர் குடைக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். போய்ப் பேசினாள். தூரத்திலிருந்து பார்த்தேன். அவர் அவள் தோளில் தட்டிச் சிரித்தார்.

திரும்பி வந்தாள். “அக்கா... ‘அந்தக் கோவம் காசு குடுத்தாலும் கெடைக்காது’ங்குறார். நாளைக்கு கம்பெல்லாம் செக் பண்றேன்னு சொல்லியிருக்கேன். நானே பண்றேன்.”

எங்கள் ஊர்ப் பஞ்சாயத்துத் தலைவரிடமும் போனேன். “அவங்க ஆளு வர்றப்ப நம்ம ஆளு போவலன்னா பயந்துட்டோம்னு ஆவும்மா” என்றார். டீ குடிக்கச் சொன்னார். குடிக்கவில்லை.


செப்டம்பர் 17, புதன்

எழுதிவிட்டால்தான் தூக்கம் வரும் போல.

நந்தினி வேன் வாசலில் நின்று கம்பெல்லாம் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை. மணலுக்குள் முன்னமே புதைத்து வைத்திருந்தார்கள். இரண்டு ஊர்க்காரர்களும்.

குடிசைகளுக்குத் தீ வைத்தார்கள். ஓலை குபீரென்று பிடித்தது. புகைக்கு வேறு ஏதோ கொளுத்தினார்கள், கண் எரிச்சல். பெண்கள் பின்னால் நின்று மார்பில் அடித்து அழ வேண்டும். நான் இந்தப் பக்கம், அக்கா அந்தப் பக்கம். நடுவில் ஆண்கள்.

“ஆக்‌ஷன்.”

ஓடினார்கள். கொஞ்ச நேரம் ஒத்திகை மாதிரியே இருந்தது. பிறகு சத்தம் மாறியது. ரப்பர் கம்பு படுகிற சத்தம் வேறு, இது வேறு. ஒருவரும் கத்தவில்லை. வாய் மூடியபடி அடித்துக்கொண்டார்கள்.

மாமா கையில் நீளக் கழி. தேவா கையில் எங்கள் கழி. ஒருவரை ஒருவர் தேடிக்கொண்டு போனார்கள். நான் ஓடினேன். எதிர்ப்பக்கமிருந்து அக்கா ஓடி வருவது தெரிந்தது. கையை விரித்துக்கொண்டு வந்தாள். புகை நடுவில் வந்து மறைத்தது. நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா மணலில் கிடந்தாள். காதுப் பக்கம் ரத்தம். தேவா அங்கே இல்லை. மாமா இன்னும் தள்ளி, வேறு யாருடனோ.

“கட்” எப்போது சொன்னார்கள் என்று தெரியாது. அக்கா தலையை மடியில் வைத்து நான் கத்தியதைப் பார்த்து மேக்கப் பெண் கைதட்டினாள். நடிப்பு என்று நினைத்துவிட்டாள், பாவம்.


செப்டம்பர் 18, வியாழன்

ஆஸ்பத்திரி. அக்காவுக்குத் தலையில் தையல். தோள் எலும்பு முறிந்திருக்கிறது. இடது காது கேட்கவில்லை. திரும்ப வருமா என்றால், “பார்ப்போம்” என்கிறார் டாக்டர். செலவு சினிமா கம்பெனி பார்த்துக்கொள்ளுமாம்.

வெளியே வேப்பமரத்தடியில் அக்கரை ஆண்கள். எங்கள் ஊர் ஆண்கள் ரோட்டுக்கு எதிர்ப்பக்க டீக்கடையில். அந்தோணி மாமா என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “யாரு அடிச்சது?”

“பொகையில தெரியல மாமா.”

“தெரிஞ்சுக்குவேன்.” இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

போலீஸ் வந்து விசாரித்தது. அக்கா, “நடிப்புல பட்டுடுச்சு, ஸ்டண்ட்காரங்க கம்பு” என்றாள்.

தேவாவிடம் நானே கேட்டேன்.

“நான் அந்தப் பக்கமே போவல. பொகையில அண்ணி வந்ததே தெரியாது” என்றார். ராத்திரிச் சோற்றை முழுதும் சாப்பிட்டார்.


செப்டம்பர் 19, வெள்ளி

பகல் முழுக்க மூட்டம், மழை இல்லை.

நந்தினி அக்காவைப் பார்க்க ஆரஞ்சு வாங்கிக்கொண்டு வந்தாள். தூங்கவில்லை போல, கண் சிவந்திருந்தது. என்னை மாடிப்படி ஓரம் கூப்பிட்டாள்.

“அக்கா, மூணு கேமரா வச்சிருந்தோம். ஒண்ணு படகு மேல. அதுல காத்து பொகையைத் தள்ளிடுச்சு. நீங்க பாக்கணும்.”

போனில் காட்டினாள். தெளிவாக இருக்கிறது. அக்கா கையை விரித்து நிற்கிறாள். எதிரில் தேவா, கழியை ஓங்கியபடி. நின்றுவிட்டார். அவளைப் பார்க்கிறார். அவள் ஏதோ சொல்கிறாள், உதடு அசைவது தெரிகிறது. “தம்பி” என்றுதான். எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவாள்.

பார்த்துவிட்டு, அதற்குப் பிறகு அடிக்கிறார்.

மறுபடி போடச் சொன்னேன். மறுபடியும் அப்படியேதான்.


செப்டம்பர் 20, சனி

அக்காவுக்கு இட்லி ஊட்டினேன். வலது காதுப் பக்கம் குனிந்து சொன்னேன். “அவர் உன்னைப் பாத்துட்டுதான் அடிச்சாரு.”

“தெரியும்” என்றாள். மென்றுகொண்டே.

“தெரிஞ்சா போலீசுகிட்ட பொய் சொன்ன?”

“உண்மைய சொன்னா இன்னிக்கே எங்க ஆளுங்க படகு எடுப்பாங்க. உன் தாலி, என் தாலி, ரெண்டும் போவும். நீ வாய மூடிக்க ஸ்டெல்லா. இது நமக்குள்ளயே செத்துப் போவட்டும்.”

“படத்துல இருக்குதுக்கா.”

அவள் மெல்லுவதை நிறுத்தினாள்.


செப்டம்பர் 22, திங்கள்

நந்தினிக்குப் போன் செய்து கெஞ்சினேன். அந்த ஒரு ஷாட்டை மட்டும் எடுத்துவிடு தாயி. நாங்கள் நடித்தது எல்லாவற்றையும் வேண்டுமானாலும் எடுத்துவிடு.

“நானும் சொல்லிப் பாத்துட்டேன்க்கா. படத்துலயே அதுதான் பெஸ்ட் ஷாட்டுங்குறார். ட்ரெய்லர்லயே வரப்போகுது.” அழுதாள். வேலையை விட்டுவிட்டாளாம். அவள் விட்டால் ஷாட் போய்விடுமா.

தேவாவிடம் சொல்லலாமா என்று காலையிலிருந்து யோசிக்கிறேன். சொன்னால் ஊரைவிட்டு ஓடுவாரா, இல்லை மாமாவை முந்திக்கொள்வாரா? நேற்று ராத்திரி பாயைத் தள்ளிப் போட்டுப் படுத்தேன். எட்டு வருஷம் பக்கத்தில் படுத்த மனுஷன்.

ஐந்து மணி. பாபு வந்திருக்கிறார். வாசலில் ஒரே சிரிப்பு. படம் வந்ததும் பொன்னேரி தியேட்டரில் முதல் காட்சி இரண்டு குப்பத்துக்கும் சேர்த்தே போடச் சொல்லியிருக்கிறாராம் டைரக்டர், எல்லாருக்கும் இலவசம். வேன் எத்தனை சொல்லலாம் என்று தேவா கேட்டுக்கொண்டிருக்கிறார்.