ஜெனரலின் காதலிக்கு வயது நாற்பத்தொன்பது

பிப்ரவரி 9, 1931

வெள்ளை உடுப்பின் இடுப்பை இந்த வருடமும் பிரித்துத் தைக்கக் கொடுத்தேன். "இதுக்கு மேல பிரிக்கத் துணி இல்லக்கா" என்று தையல்காரி கையை விரித்துவிட்டாள். ஏப்ரலில் ஜெனரல் ரூஃபினோவின் நினைவு நாள். அதற்குள் நான் மெலிய வேண்டும், இல்லாவிட்டால் நாடு என்னை இப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும்.

மேடையில் அவன் படத்துக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. படத்தில் அவனுக்கு எப்போதும் இருபத்தொன்று. முதலில் நாங்கள் ஜோடி மாதிரி இருந்தோம். பிறகு அக்கா தம்பி மாதிரி. இப்போது வெளியூர்க்காரர்கள் என்னை அவன் அம்மா என்று நினைத்துக்கொண்டு, என் கையை எடுத்து நெற்றியில் ஒற்றிக்கொள்கிறார்கள்.

பிப்ரவரி 12

தலைமையாசிரியர் மக்காரியோதான் விழாக் குழுவின் தலைவர். மணிலாவிலிருந்து ஒரு சிற்பியைக் கூட்டிக்கொண்டு என் மருந்துக்கடைக்கே வந்துவிட்டார். இந்த வருடம் சிலை திறக்கிறார்களாம். ஜெனரல் நிற்பார், அவர் காலடியில் காதலி மண்டியிட்டிருப்பாள். சிற்பி என்னைச் சுற்றி ஒரு நடை நடந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு அண்ணன் பொண்ணு, தங்கச்சி பொண்ணு யாராச்சும் உண்டாம்மா?"

பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தேன். என் சித்தி மகள் உர்சுலா அங்கேதான் இருக்கிறாள். அவளுடைய பெண்ணை உட்கார வைத்து வரைந்துகொண்டு போனார். நான் அவருக்கு இஞ்சித் தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். காதலியின் பங்கு அவ்வளவுதான்.

பிப்ரவரி 13

உண்மையை இங்கேயாவது எழுதி வைக்கலாம். பெண் கேட்கிற வழக்கப்படி ரூஃபினோ எங்கள் வீட்டுக்குத் தண்ணீர் சுமந்தான். மூன்று வாரம் இருக்கும். அப்போது ஜெனரல் இல்லை. மெல்லிய கழுத்தும் பெரிய காதுகளுமாக ஒரு மாணவன். ஒரு நாள் படியில் வழுக்கிக் குடத்தோடு உருண்டான். நான் சிரித்தேன். சிரித்தேன் என்பது குறைவு - தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். மறுநாளிலிருந்து அவன் வரவில்லை. அமெரிக்கர்களோடு நடந்த சண்டைக்குப் போனான், அங்கே ஜெனரல் ஆனான். ஆட்களையெல்லாம் அக்கரைக்கு அனுப்பிவிட்டு, கடைசி ஆளாக ஆற்றங்கரையில் நின்று செத்தான். அவன் பெரியவன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அவனுடைய காதலி நான் என்பதில்தான் சந்தேகம்.

அவன் செத்த மாதமே அவனுடைய அம்மா என்னைத் தேடி வந்தாள். பின்னாலேயே ஊரும் வந்தது. எனக்குப் பதினேழு வயது. எல்லாரும் அழுததால் நானும் அழுதேன். அப்போதே இல்லை என்று சொல்லியிருக்கலாமே? யாரிடம் சொல்வது? என் மடியில் தலை வைத்துத் தேம்புகிறவளிடமா?

பிப்ரவரி 20

சிப்ரியானோ உதட்டு வெடிப்புக்குக் களிம்பு வாங்க வந்தார். அரிசி ஆலையில் இயந்திரம் பார்க்கிறவர். ஊர் பாண்டு வாத்தியத்தில் ஆள் உயரப் பித்தளைக் குழல் அவருடையது. மனைவியை இழந்து ஆறு வருடமாகிறது. களிம்பை வாங்கிக்கொண்டும் போகவில்லை. பேதி மருந்துப் புட்டியின் சீட்டைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார்.

"வேற ஏதாச்சும் வேணுமா?" என்றேன்.

"பதினெட்டு வருஷமா நினைவு நாள் ஊர்வலத்துல உங்க வீட்டு ஜன்னலுக்குக் கீழ சாவு மெட்டே வாசிச்சுக்கிட்டிருக்கேன்."

"நல்லாத்தான் வாசிக்கிறீங்க."

"வேற மெட்டும் தெரியும்" என்றார். காது சிவந்துவிட்டது. "பொண்ணுங்க ரெண்டையும் கட்டிக் குடுத்தாச்சு. உங்களுக்குச் சம்மதம்னா... நான் குடிக்கிறதில்ல. குறட்டை மட்டும் கொஞ்சம் உண்டு."

பேதி மருந்தை அவர் கையிலிருந்து வாங்கி அலமாரியில் வைத்தேன். நாற்பத்தொன்பது வயதில், பேதி மருந்துக்கு எதிரில் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருவர் என்னைக் கேட்கிறார். யோசிக்கிறேன் என்றேன். அவர் போனபிறகுதான் பார்த்தேன் - களிம்பை மேஜையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார்.

பிப்ரவரி 21

உதடு வெடித்துப் போயிருக்கிறதே, கொண்டுபோய்க் கொடுக்கலாமா? - வேண்டாம்.

கொண்டுபோய்க் கொடுத்தேன்.

மார்ச் 4

ஊருக்குத் தெரிந்துவிட்டது. உர்சுலா அழுகிறாள். "ஜெனரலோட காதலி ஆலைக்காரனக் கட்டிக்கிட்டாளாம்னு சொல்லுவாங்களேக்கா. எம் பொண்ணோட மூஞ்சிய வேற கல்லுல செதுக்கியாச்சு." மருந்து வாங்க வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். வருகிறவர்களும் இருமுவதற்கு முன்னால் என் முகத்தை ஒரு தடவை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் இருமுகிறார்கள்.

மக்காரியோ வந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு, சாவு வீட்டில் பேசுவதுபோலப் பேசினார்.

"அம்மா, நீங்க ஒரு தனி ஆள்னு நெனைக்கக் கூடாது. நீங்க ஒரு வரலாறு. பிள்ளைங்களுக்கு நான் என்னன்னு பாடம் சொல்லித் தருவேன்?"

"அப்போ தினமும் ராத்திரி இந்த வீட்டுல தனியா உக்காந்து சோறு திங்கிறது யாரு சார்?"

அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார். நானும் பதில் தெரிந்துதான் கேட்டேனா என்ன.

பாதிரியாரிடம் போனேன். செத்தவருக்கு நிச்சயமான பெண் கல்யாணம் செய்யக் கூடாது என்று சபைச் சட்டத்தில் எங்கும் இல்லை என்றார். "ஆனா தொன்யா பெத்ரா என்ன சொல்றாங்கன்னு ஒரு வார்த்தை கேட்டுக்கம்மா." பெத்ரா, ரூஃபினோவின் அக்கா; ஊரே மரியாதையாகத் தொன்யா என்று கூப்பிடுகிறவள். போப்பாண்டவர் ஒரு பக்கம், பெத்ரா ஒரு பக்கம் நின்றால் இந்த ஊர் பெத்ரா பக்கம்தான் நிற்கும்.

மார்ச் 15

பெத்ரா அக்கா ஆளனுப்பினாள். கடையைச் சாத்திவிட்டுப் போனேன். உப்புப் போட்ட வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கல்யாணம்னு கேள்விப்பட்டேன்."

"நான் இன்னும் ஒண்ணும் சொல்லலக்கா."

"ஏன், அவனுக்கு என்ன குறை?"

"குறை அவருக்கில்ல..."

"என் தம்பியா?" என்றாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "அன்னைக்கு அவன் தொப்பலா நனைஞ்சு வீட்டுக்கு வந்தான். 'அவ சிரிச்சுட்டாக்கா'ன்னான். அதுக்கப்புறம் பேசவே இல்ல. உனக்கு அவன் மேல ஒண்ணும் கிடையாதுன்னு எனக்கு அன்னைக்கே தெரியும்."

"தெரியுமா? அப்போ ஏங்க்கா..."

"அவன் செத்ததுலேர்ந்து அம்மாவுக்குத் தொண்டைல சோறு எறங்கல. அவன நெனைச்சு அழுற பொண்ணு ஒருத்தி இருக்கா, போய்ப் பாருன்னு நான்தான் சொன்னேன். வேற யார் பேரும் வாயில வரல. உன் வீட்டுக்கு வந்து அழுதுட்டுப் போய் அன்னைக்குத்தான் கஞ்சி குடிச்சா."

வெந்நீரில் காலை அசைத்தாள்.

"அம்மா போனப்பவே உன்ன விட்டிருக்கணும். மறந்தே போச்சு."

மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "அந்தத் துண்ட எடு" என்றாள். எடுத்து, குனிந்து, அவள் காலைத் துடைத்துவிட்டேன். துடைக்கும்போது அந்தப் பெரிய காதுகள் அவளுக்கும் இருப்பதை முதல் தடவையாகப் பார்த்தேன்.

அந்த அம்மாள் இறந்து பன்னிரண்டு வருடம். மறந்துபோச்சாம்! ராத்திரி முழுக்கக் கோபித்துக்கொள்ளலாம் என்று படுத்தேன். ஆனால் கஞ்சி குடித்தாளே. நான் வாழ்க்கையில் செய்த ஒரே வீரச்செயல் அதுவாகத்தான் இருக்கும், அதுவும் எனக்குத் தெரியாமல்.

மார்ச் 16

ஆலைக்குப் போனேன். இயந்திரச் சத்தத்தில் நான் சரி என்று சொன்னது சிப்ரியானோவுக்குக் கேட்கவில்லை. மூன்று தடவை கத்தினேன். மூன்றாவது தடவை யாரோ இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். மூட்டை தூக்குகிறவர்கள் எல்லாரும் கை தட்டினார்கள்.

ஏப்ரல் 26

சிலை திறந்தார்கள். காலையிலேயே பெத்ரா அக்கா மேடையேறி என் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மக்காரியோ ஏதோ சொல்லக் குனிந்தார். "என் தம்பிக்கு நான் போதும்" என்றாள். அவர் நிமிர்ந்துவிட்டார்.

நான் கூட்டத்தில், ஐஸ் விற்கிறவனுக்குப் பக்கத்தில் நின்றேன். திரையை இழுத்தார்கள். காலடியில் அந்தக் கல் பெண், கைப்பிடி இடுப்போடு. பாவம், இனி அவளுக்குத்தான் லீவு கிடையாது.

பாண்டு சாவு மெட்டை எடுத்தது. இத்தனை வருடமாக அதை மேடையில் முதுகை நிமிர்த்திக்கொண்டு கேட்டிருக்கிறேன். அழுவதற்கு நேரம் இருந்ததில்லை, எல்லாரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள். இன்று யாரும் பார்க்கவில்லை. ஒரு பையன், இருபத்தொரு வயது, ஆற்றங்கரையில் தனியாக. எனக்கு மகன் இருந்தால் அவனைவிடப் பெரியவனாக இருப்பான். அழுதேன். ஐஸ்காரன் சும்மா ஒரு துண்டு ஐஸ் கொடுத்தான்.

மே 30

கல்யாணம். இருபது பேர். பெத்ரா அக்கா ஒரு பன்றி அனுப்பியிருந்தாள்.

ஜூன் 2

குறட்டை "கொஞ்சம்" இல்லை.

ஜூலை 11, 1932

பள்ளிக்குப் புதிதாக மாற்றலாகி வந்திருக்கிற டீச்சர் காய்ச்சலுக்குக் குவினைன் வாங்க வந்தாள். சின்னப் பெண். சிலையைப் பார்த்தாளாம், நான்காம் வகுப்புப் பாடத்தையும் படித்தாளாம். கண் கலங்கியிருந்தது.

"ஜெனரல் செத்த அதே வருஷம் அந்தப் பொண்ணும் ஏக்கத்துலயே செத்துட்டாளாமே. அவ கல்லறை எங்கம்மா இருக்கு? பிள்ளைங்களக் கூட்டிட்டுப் போய்ப் பூ வைக்கணும்."

ஆக, மக்காரியோவும் வழி கண்டுபிடித்துவிட்டார். நான் குவினைனைப் பொட்டலம் கட்டினேன்.

"நானும் பார்த்ததில்லம்மா."

உள்ளேயிருந்து சிப்ரியானோ குரல் கொடுத்தார். "லியோன்சியா, சோறு ஆறுது."

"உங்களுக்கும் லியோன்சியாதானா பேரு?" என்று ஆச்சரியப்பட்டாள்.

"இந்த ஊர்ல தெருவுக்கு ஒரு லியோன்சியா உண்டு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனேன். கருவாடு பொரித்திருந்தார். கொஞ்சம் கருகல்.