புள்ளி நாற்பத்தைந்து

பிப்ரவரி 11

என் அருமைக் கேப்டனுக்கு,

இங்கே நானும் கடையும் நலம். என்னிடம் கண்ணாடி வாங்கிப் போனவர்கள் யாரும் இதுவரை அடிக்க வரவில்லை.

பார்சலைப் பிரித்ததும் திட்டாதே. நீ ஓட்டுகிற விமானத்தில் வழிகாட்டும் கருவி இரண்டு தடவை அணைந்துபோனது, ஆற்றைப் பார்த்துக்கொண்டே வந்து சேர்ந்தேன் என்று ஏதோ காய்கறி வாங்கப் போன மாதிரி எழுதியிருந்தாய். எனக்கு இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. அதனால் விமானிகள் கையில் வைத்துக்கொள்ளும் ஜி.பி.எஸ். ஒன்று வாங்கிவிட்டேன்.

கூடவே நூற்று அறுபது பக்கப் புத்தகம். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அதைத்தான் படித்தேன். முதல் நாள் மேஜையில் வைத்து அமுக்கினால், நான் ஐயாயிரம் அடி உயரத்தில் பறந்துகொண்டிருப்பதாகக் காட்டியது. கண் பரிசோதனைக்கு வந்த அம்மாளிடம் பெருமையாகக் காட்டினேன். அப்புறம்தான் தெரிந்தது, அது பழகுவதற்காக வைத்த பொய்ப் பயணம். அதை அணைத்துவிட்டேன். நீயும் ஒருமுறை பார்த்துக்கொள்.

கூரைக்கு அடியில் அது சாட்டிலைட்டைப் பிடிக்காது. மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்க் கால் மணி நேரம் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியாக எங்கே இருந்ததோ அங்கேயே இன்னும் இருப்பதாக நினைத்துக்கொள்ளுமாம். உன்னிடம் வந்ததும் நம் மாடியில் இருப்பதாக நினைக்கும், அவசரப்படாதே. நாலு சாட்டிலைட்டாவது வந்தால்தான் உயரமும் சொல்லும். கீழ் வீட்டு அக்கா துணி எடுக்க வந்தவர், மேலே பார்த்து என்ன தேடுகிறீர்கள் என்றார். என் பெண்டாட்டியை என்றேன். அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ அலமாரியில் விட்டுப்போன தாளைப் பார்த்து, நீ இறங்குகிற ஐந்து மைதானங்களின் இட எண்களையும் நானே கருவியில் ஏற்றிவிட்டேன். பட்டியலும் எழுதி உள்ளே வைத்திருக்கிறேன். பெயரைத் தேர்ந்தெடுத்து ‘கோ டு’ அமுக்கு, கோடு போட்டுக் காட்டும்.

மார்ச்சோடு உன் ஒப்பந்தம் முடிகிறது. ஏப்ரலில் வந்துவிடுவாய் அல்லவா? உன் அறைக்கு வெள்ளையடிக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் கண்ணாடிக்காரன்


பிப்ரவரி 27

அன்புள்ள கண்ணாடிக்காரருக்கு,

பார்சல் பத்திரமா வந்துச்சு. நானும் பத்திரமாத்தான் இருக்கேன். அதை முதல்லயே சொல்லிடறேன், ஏன்னா இப்போ திட்டப் போறேன்.

போன்ல சொல்லலாம்னு பார்த்தா, இங்கே மூணு நிமிஷத்துக்கு மேல லைன் நிக்காது. பின்னாடி வேற நாலு பேர் காது கொடுத்துக்கிட்டு நிப்பாங்க. அதான் வியாழக்கிழமை சரக்கு விமானத்துல இந்தக் கடிதத்தைக் கொடுத்து விடறேன்.

செவ்வாய்க்கிழமை மூணாவது மைதானத்துக்கு மருந்துப் பெட்டியும் ஒரு நர்ஸும் ஏத்திக்கிட்டுப் போனேன். நல்ல மழை. விமானத்தோட பலகையில இருக்கிற கருவி வழக்கம்போல செத்துப்போச்சு. உங்க கருவி சமர்த்தாக் கோடு போட்டுச்சு. மேகத்துக்குக் கீழேயே, அது சொன்ன இடத்துக்குப் போய் இறங்கப் பார்த்தா மைதானம் இல்ல, மரம். நர்ஸ் என் தோளைப் பிடிச்ச பிடியில இன்னும் கன்னிப்போய் இருக்கு. மேலே ஏத்தி ஒரு சுத்து சுத்தினேன். இடது பக்கம் தள்ளி ஓடுதளம் தெரிஞ்சுது, இறங்கிட்டேன்.

அப்புறம் உட்கார்ந்து பார்த்தேன். என் தாள்ல அட்சரேகை, தீர்க்கரேகை எல்லாம் டிகிரி, நிமிஷம், விநாடியில இருந்துச்சு. நாற்பத்தஞ்சு விநாடின்னா முக்கால் நிமிஷம், அதாவது புள்ளி எழுபத்தஞ்சு. நீங்க புள்ளி நாற்பத்தஞ்சுன்னு ஏத்தியிருக்கீங்க. அரை கிலோமீட்டர் தள்ளிப் போச்சு. அஞ்சு மைதானத்துக்கும் இதே கதை. நாளெல்லாம் லென்ஸ் பவரைப் புள்ளி வெச்சு எழுதற கை, வேற எப்படி எழுதும்?

ஆனா யார் கொடுத்தாலும் வரைபடத்தோட ஒப்பிடாம ஏத்திக்கக் கூடாது, அதுதான் முதல் விதி. உங்க கையெழுத்துப் பட்டியலைப் பார்த்ததும் அதை மறந்துட்டேன். பாதித் தப்பு என்னுது. எல்லாத்தையும் திருத்திட்டேன். இப்போ நல்லா வேலை செய்யுது.

ஏப்ரல் பத்தி அடுத்த கடிதத்துல எழுதறேன்.

உங்க கேப்டன்


மார்ச் 6

என் அருமைக் கேப்டனுக்கு,

உன் கடிதத்தைக் கடையிலேயே பிரித்துப் படித்தேன். அதன் பிறகு ஷட்டரை இறக்கிவிட்டேன். மன்னித்துவிடு என்று எழுதக்கூட வெட்கமாக இருக்கிறது. கண்ணாடியில் கால் பவர் கூடிப்போனாலே தலைவலி வரும் என்று எல்லாருக்கும் பாடம் எடுக்கிறவன் நான். எண்ணுக்குப் பின்னால் நீ போட்டிருந்த அந்த இரண்டு சின்னக் கோடுகளுக்கு அர்த்தம் என்ன என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். புத்தகம் படித்துவிட்டேன் என்ற திமிர்.

அந்த நர்ஸிடம் என் சார்பில் மன்னிப்புக் கேள்.

ஒன்று கேட்கிறேன், சொல்வாயா? மழையில் மரத்துக்கு மேலே சுற்றினாயே, அப்போது பயமாக இருந்ததா? பயந்தால் என்ன செய்வாய்? யாரை நினைப்பாய்?

வெள்ளையடித்து முடிந்தது. சாயங்காலம் கடையை மூடிவிட்டு வந்தால் பேச ஆள் இல்லை. ரேடியோவோடு பேசிக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் வா.

உன் கண்ணாடிக்காரன்


மார்ச் 14

அன்புள்ளவருக்கு,

பயமா இருந்துச்சு. ஆனா அந்த நேரத்துல இல்ல. அப்போ கைக்கு நிறைய வேலை இருக்கும், வேகம், உயரம், எண்ணெய்னு பார்த்துக்கிட்டே இருப்பேன். இறங்கி எஞ்சினை அணைச்சப்புறம்தான் பயம் வந்துச்சு. அப்போ உங்களை நினைச்சேன். உங்க மேல கோபம் கோபமா வந்துச்சு, கூடவே அழுகையும் வந்துச்சு.

கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துல, என் வேலையைப் பத்தி நீங்க கேட்ட முதல் கேள்வி இதுதான். முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு உங்களுக்கு ஞாபகம் இருக்காது. நான் வீட்டுக்கு வந்து இன்னிக்கு என்னாச்சு தெரியுமான்னு ஆரம்பிப்பேன். நீங்க "சாப்பிட்டியா?"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிடுவீங்க. கொஞ்ச நாள்ல நானும் சொல்றதை விட்டுட்டேன். அந்த வீட்டுல விருந்தாளி மாதிரி இருந்தேன். இங்கே தகரக் கூரையும் ஒத்தைக் கட்டிலும்தான். ஆனாலும் அங்கே இருந்த அளவுக்குத் தனியா இல்ல.

இப்போ சொல்லியே ஆகணும். இன்னும் ரெண்டு வருஷத்துக்கு ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டுட்டேன். உங்க பார்சல் வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி. போன கடிதத்துலயே சொல்லியிருக்கணும், தைரியம் வரல. பார்சல் முன்னாடியே வந்திருந்தா போட்டிருக்க மாட்டேனான்னு கேட்டா, சத்தியமா தெரியல.

ஒரு வாரம் கடையை மூடிட்டு இங்கே வாங்க. வியாழக்கிழமை சரக்கு விமானத்துல ஒரு சீட் சொல்லி வெச்சிருக்கேன், இருபத்தெட்டாம் தேதி. அப்புறம் என் விமானத்துல என் பக்கத்துல உட்காருங்க. நான் என்ன செய்யறேன்னு ஒரு தடவை பாருங்க. எனக்கு அது போதும். அதுக்கப்புறம் எந்த முடிவா இருந்தாலும் சேர்ந்தே எடுக்கலாம்.

வழி பார்த்துக்கிட்டு இருப்பேன்.

உங்க கேப்டன்


மார்ச் 29

என் கேப்டனுக்கு,

நேற்று சரக்கு விமானத்திலிருந்து நான் இறங்குவேன் என்று நீ ஓடுதளத்துப் பக்கம் நின்றிருப்பாய். எனக்குத் தெரியும்.

நான் போனேன். பையோடு போனேன். என்னையும் பையையும் தராசில் ஏற்றி எடை எழுதிக்கொண்டார்கள். விமானி நல்ல மனிதர், உன் பெயரைச் சொல்லி, கேப்டன் வீட்டுக்காரரா, முன்னால் உட்காருங்கள் என்றார். ஒரு காலைப் படியில் வைத்தேன். இன்னொரு கால் வரவில்லை. மூன்று தடவை கூப்பிட்டார். உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு எதிரில் இருந்த பஸ் ஸ்டாப்பில் போய் உட்கார்ந்தேன். விமானம் கிளம்பிப் போவதை அங்கிருந்து பார்த்தேன்.

எனக்குப் பயம். இன்று நேற்று வந்ததில்லை, கல்யாணமான நாளிலிருந்தே. நீ சொல்ல ஆரம்பித்தால் நீ விழுவது என் கண்ணுக்குத் தெரியும். அதனால்தான் எழுந்து போனேன். நீ அதை அலட்சியம் என்று எடுத்துக்கொண்டாய். பயந்தாங்கொள்ளி என்று தெரிவதைவிட அது மேல் என்று நானும் விட்டுவிட்டேன். பதினோரு வருடம் உன்னைத் தனியாக விட்டது அதுதான். இப்போது ஒரே ஒரு தடவை வா என்றாய், அதற்கும் என்னால் முடியவில்லை.

வேலையை விட்டுவிட்டு வா என்று இனி கேட்க மாட்டேன். நீ வந்தால் தினமும் உன் வாயைத்தான் மூடுவேன், என்னை எனக்குத் தெரியும். அடுத்த வியாழக்கிழமையும் எனக்காக நிற்காதே.

நீ அங்கேயே இரு. உனக்கு அதுதான் சரி. எனக்குத்தான் பழக நாளாகும்.

கண்ணாடிக்காரன்