கோபால்ட் மெஷினின் நான்கு நிமிடங்கள்

மார்ச் 3, திங்கள்

ஏழு மணிக்கே வெயில். இராஜபாளையம் – மதுரை பஸ். முன்னால் ஒருத்தன் கண்டக்டரிடம், "ஏலே, எம்புட்டு ஆளத்தான் ஏத்துவ?"

என் மனைவி பாக்கியத்துக்குக் கன்னத்தில் புற்று. மதுரை ஆஸ்பத்திரியில் இன்று பதினெட்டாவது கதிர்வீச்சு. அறைக் கதவு மூடித் திறக்க நான்கு நிமிடம் பத்து நொடி. ஐந்து வருடம் முன்பு என் தம்பிக்கு இதே மெஷின், இதே அளவு. இரண்டு நிமிடம்தான். அன்று குறித்தது நோட்டில் இருக்கிறது. தம்பி பிழைத்தான்.

மெஷினுக்குள் கதிர் விடும் கோபால்ட் தேய்ந்துவிட்டது, வேகம் பாதி. ஆப்பரேட்டரிடம் கேட்டேன். "நேரத்தக் கூட்டிக் குடுக்கோம் தாத்தா. அளவு அதேதான்."

தாத்தாவாம். மில்லில் முப்பது வருடம் ஃபிட்டர் நான்.

வாங்க வேண்டியது: நொய்யரிசி, வாய் கொப்பளிக்க உப்பு, சோடா மாவு.

மார்ச் 4, செவ்வாய்

புத்தகத்தில் படித்தேன். கதிரை மெதுவாகக் கொடுத்தால், அடிபட்ட புற்றுச் செல் அதற்குள் தன்னைச் சரிசெய்துகொள்ளும். அதிகம் பிழைக்கும். அச்சில் இருக்கிறது. டாக்டரிடம் காட்டினேன். "பெரியவரே, செத்த நேரம் வெளிய உட்காருங்க." நர்ஸ் சிரித்தாள்.

முடிவு: புது மெஷின் உள்ள இடம் கிடைக்கும்வரை நிறுத்தம். மகள் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போனில் கத்தல். "நீங்க என்ன டாக்டராப்பா? அம்மாவக் கொல்லுதீக." வைத்துவிட்டேன்.

மார்ச் 9, ஞாயிறு

மூட்டம். புது இடத்தில் இன்னும் தேதி தரவில்லை. பாக்கியத்துக்கு வாய்ப்புண் குறைவு. இரண்டு இட்லி தின்றாள். புதனிலிருந்து என்னோடு பேச்சில்லை. பேசாவிட்டால் போகிறாள்.

மார்ச் 13, வியாழன்

நான் ரேஷன் கடையில் நின்ற நேரம் மகள் காரில் வந்து பாக்கியத்தை மதுரைக்குக் கூட்டிப் போய்விட்டாள். பின்னாலேயே பஸ்ஸில் போனேன். அங்கே கதிர் அளவு கணக்கிடும் பெண் என் நோட்டை முழுக்கப் படித்தாள். படித்த முதல் ஆள்.

"உங்க கணக்கு சரிதான் சார். வேகம் பாதிதான். ஆனா ரெண்டு நிமிஷம் கூடுனதுல செல்லு தேறிடாது. நீங்க படிச்சது மணிக்கணக்கா, நாள்கணக்கா வச்சுக் குடுக்குற கதிர்."

"அப்ப நான் சொன்னது சரி."

"எட்டு நாள் வீட்ல வச்சிருந்தீங்களே, அதுலதான் செல்லு தேறிருச்சு. பெருகியும் போச்சு."

கட்டி பெருத்திருக்கிறது. விட்டதைப் பிடிக்க, சில நாள் காலையும் மாலையும் கதிர். குணமாகும் என்று உறுதி சொல்ல முடியாதாம்.

மார்ச் 15, சனி

ஸ்ரீவில்லிபுத்தூர், மகள் வீடு. தண்ணீர்கூடத் தரவில்லை. "பாத்துட்டுக் கெளம்புங்க."

பாக்கியம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். "வேகம் பாதிதான்னு அந்தப் பொண்ணே ஒத்துக்கிட்டா" என்றேன். திரும்பினாள். வாயெல்லாம் புண். இருந்தும் பேசினாள்.

"புதன்கெழம விடியக்காலம் சேல கட்டி, பையத் தூக்கிட்டு நின்னேன். போவோம்னு உங்க காலப் புடிச்சேன். அத அந்த நோட்டுல எழுதிருக்கீகளா?"

புரட்டினேன். இல்லை.

எழுதுகிறேன். மார்ச் 5, புதன். ஐந்தரை மணி. சேலை கட்டி நின்றாள். காலைப் பிடித்தாள். உதறிவிட்டு வாசலைப் பூட்டினேன்.