முள் வெட்டிய சனிக்கிழமை

மார்ச் 4
ஓட்மாருக்குப் புற்று ஈரல் முழுக்கப் பரவிவிட்டதாம். ஏப்ரலைத் தாண்டினால் பெரிய விஷயம் என்றார் டாக்டர். திரும்பி வரும்போது காரில் இவர் கேட்டது ஒன்றுதான்: மரத்தவளை கத்த ஏப்ரல் பாதி ஆகுமே, அதுவரை தாங்குவேனா என்று. கட்டிய பெண்டாட்டி பக்கத்தில் இருக்கிறேன், மனுஷருக்குத் தவளைக் கவலை. சிரித்துவிட்டேன். அப்புறம் வண்டியை ஓரங்கட்டி அழுதேன்.

மார்ச் 11
கட்டைவிரல் நீளம்கூட இல்லாத ஜந்து இந்த மரத்தவளை. இலைப் பச்சை. மூக்கில் தொடங்கிக் கண் வழியாக இடுப்பு வரை ஒரு கறுப்புக் கோடு. விரல் நுனியில் குட்டிக் குமிழ், எதிலும் ஒட்டிக்கொண்டு ஏறும். மற்ற தவளைகள் தண்ணீரில் கிடக்க, இது மட்டும் வீட்டை ஒட்டிய குளக்கரை முள்செடியில் ஏறி, பென்ஷன்காரர் போல வெயில் காயும். பத்துச் சேர்ந்து கத்தினால் வீட்டில் டிவி கேட்காது. இப்போது அந்த முள்ளடியில் சருகுக்குள் தூங்குகின்றன. நான் ஜன்னலைச் சாத்தினால்கூட "மெதுவா, முழிச்சுக்கும்" என்கிறார்.

மார்ச் 16
ஊர் துப்புரவு நாள். மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தேன். வந்து பார்த்தால் எங்கள் பக்கத்துக் கரை மொட்டை. பக்கத்து வீட்டு ஃபோல்கரும் தீயணைப்புப் படைப் பையன்களும் முள்ளை அடியோடு வெட்டி, சருகை வாரிக் கொளுத்தியிருக்கிறார்கள். சாஸேஜ் வாட்டிக்கொண்டே ஃபோல்கர் பெருமையாகக் காட்டினான்.

"ஓட்மார் அண்ணனுக்காகத்தான்க்கா. இனி சக்கர நாற்காலியைத் தண்ணி ஓரம் வரைக்கும் தள்ளிட்டுப் போலாம்."

நன்றி சொன்னேன். வேறென்ன சொல்ல? உள்ளே ஓட்மார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். "அவன்கிட்ட சொல்லிடாதே. ஆசையா செஞ்சிருக்கான், தாங்கமாட்டான்."

ஏப்ரல் 19
மழை விட்டு இதமான சாயங்காலம். ஃபோல்கர்தான் நாற்காலியைத் தள்ளினான். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தோம். ஒன்றுகூடக் கத்தவில்லை. இன்னும் குளிர் விடவில்லை போல என்றான். இன்னும் நேரம் இருக்கிறது என்றார் ஓட்மார். நேரம் இருக்காம் — யாருக்கு?

ஏப்ரல் 27
விடியற்காலையில் போய்விட்டார்.

மே 10
எதிர்க்கரை முள்ளிலிருந்து ஒற்றைத் தவளை கத்துகிறது. பதில் கொடுக்கத் துணை இல்லை. இப்போ வந்து என்ன பிரயோஜனம்? சனியனே, ரெண்டு வாரம் முன்னாடி வாயைத் திறந்திருக்கக் கூடாதா?

மே 12
ஃபோல்கர் கேக் கொண்டுவந்தான். ஓட்மார் பேரில் குளக்கரையில் பெஞ்சு போடப் போகிறார்களாம். அடுத்த சனிக்கிழமை, எதிர்க்கரையையும் சுத்தம் பண்ணிவிட்டு அங்கே.

சொல்லாதே என்றவர் போய்விட்டார். இருக்கிறது அந்த ஒரு தவளைதான்.

"முள்ளுதான்டா அதுங்களுக்கு வீடு. நீ கொளுத்தினியே சருகு, அதுக்குள்ளதான் தூங்கிட்டு இருந்துச்சுங்க."

கத்தியைக் கேக்கிலேயே விட்டுவிட்டான். "அண்ணனுக்குத் தெரியுமா?" என்றான்.

"தெரியாது."

மே 18
பெஞ்சை மொட்டைக் கரையிலேயே போட்டார்கள். எதிர்க்கரை முள்ளை யாரும் தொடவில்லை. எல்லோரும் ஒரு முறை உட்கார்ந்து பார்த்தார்கள். ஃபோல்கர் உட்காரவில்லை.