சிவப்புக் கூட்டல் குறி

ஜூன் 3, செவ்வாய்

காலையிலேயே கடையின் மேல்மாடியில், டிசைன் செய்கிற இருவருக்கும் சண்டை. பக்கம் வடிவமைக்கிற மென்பொருளில் புது வெர்ஷன் வந்திருக்கிறதாம். பாயிஸா தன் மெஷினில் மூன்று மாத இலவசத்துக்கு அதைப் போட்டுவிட்டாள். தனபாலன் எட்டு வருடப் பழசை விடமாட்டேன் என்கிறான்.

"உங்கட பழசு தொறக்குறதுக்குள்ள நான் தேத்தண்ணி ஊத்திக் குடிச்சிட்டே வந்துருவேன் அண்ணா."

"புதுசு மாசாமாசம் வாடக கேக்குது. வாடக வீட்டுல இஷ்டத்துக்கு ஆணி அடிக்க முடியுமா தங்கச்சி?"

பிறகு இருவரும் வழக்கம்போல என் பக்கம் திரும்பினார்கள். "முதலாளி, நீங்களே சொல்லுங்க."

எனக்கு என்ன தெரியும்? பஸ் நிலையத்தில் பேனா விற்று, அச்சுக்கு ஆர்டர் பிடித்து, இந்தக் கடையைப் போட்டவன். மவுஸ் பிடித்ததே நாற்பது வயதில். "கஸ்டமர் அட்டையைப் பாக்கிறான், வெர்ஷனையா பாக்கிறான்?" என்றேன். சிரித்தார்கள். இந்தத் தீர்ப்புச் சொல்கிற வேலை எனக்குப் பிடிக்கும். இதை இந்த டயரியில்தான் எழுதலாம்.

ஒன்றை மட்டும் தனபாலன் கறாராகச் சொன்னான். பன்வில தோட்டத்துக் கோயிலின் கும்பாபிஷேக மலரை அச்சுக்குப் போகும்வரை புதுசில் திறக்கக்கூடாது. "வரி நகரும். அதுல ஒரு தடவ சேவ் பண்ணிட்டா அப்புறம் என் மெஷின்ல தொறக்கவும் தொறக்காது." பாயிஸா ஒத்துக்கொண்டாள்.

ஜூன் 9, திங்கள்

ஹஜ் பெருநாள் முடிந்து பாயிஸா அக்குறணையிலிருந்து வந்தாள். உம்மா கொடுத்தது என்று வட்டிலப்பம் இனிப்பு. தனபாலன் இரண்டு கோப்பை காலி செய்துவிட்டு, "இதுக்கு மட்டும் புது வெர்ஷன் கொண்டாந்துறாத" என்றான்.

மலர் முடிந்தது. அவனுடைய வழக்கம் எனக்கு எரிச்சலாகவே இருக்கும். புரூஃபைத் தாளில் எடுத்து, அடிமட்டத்தை ஒவ்வொரு வரிக்கும் கீழே வைத்து, விரலால் தொட்டுத்தொட்டுப் பார்த்து, பக்கத்துக்குப் பக்கம் கையெழுத்து வைப்பான். இருபத்தேழாம் பக்கத்தில் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு பெயர்கள். கோயில் மேட்டுக்கு மணல் சுமந்த தோட்டத்துச் சனங்கள். அரை நாள் அதிலேயே போயிற்று.

ஜூன் 10, போயா (பௌர்ணமி விடுமுறை)

கடை பூட்டு. அச்சுக்குப் பிளேட் அடிக்கிறவன் நாளைக் காலை ஃபைல் வேண்டும் என்றான். அனுப்பத்தானே போகிறோம் என்று நானே வந்தேன். கடைசிப் பக்கத்தில் நம் விளம்பரம் சின்னதாக இருந்தது. பெரிதாக்கினேன். கலியாண அட்டைக்கு விலைக்கழிவு என்று ஒரு வரியும் போட்டேன். தனபாலன் மெஷின் சுணங்கும், பாயிஸாவின் மெஷினில்தான் செய்தேன். ஏதோ எழுத்து இல்லை, வேறு போடவா என்று கேட்டது. சரி என்று அழுத்தினேன். பெயர்ப் பக்கத்தின் அடியில் சிவப்பில் ஒரு சின்னக் கூட்டல் குறி வந்து நின்றது. என்னவென்று தெரியவில்லை. சேவ் பண்ணி அனுப்பிவிட்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு வேலை முடிந்தது. இதற்குப் போய் எத்தனை விவாதம்.

ஜூன் 30, திங்கள்

நேற்றுக் கும்பாபிஷேகம். அறுநூறு மலரும் போய்விட்டதாம். கோயில் செயலாளர் போனில் சந்தோஷமாகப் பேசினார்.

ஜூலை 2, புதன்

ஒரு அம்மா வந்தார். வீரம்மா என்று பெயர். இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். மலரைச் சேலைத் தலைப்பில் சுற்றி வைத்திருந்தார்.

"எங்க வீட்டுக்காரர் பேரு மூக்கையா. மணல் சுமந்தவங்கள்ல நாப்பது நட சுமந்தவரு. சித்திரையில தவறிட்டாரு. பேரு இல்லீங்க."

தேடிப் பாருங்கம்மா என்றேன்.

"பஸ்ஸிலயே மூணு தரம் தேடிட்டேன். கீழ் லயத்து வீடுகள்ல உள்ள ஆளுங்க ஒருத்தர் பேரும் இல்ல. மேல் லயத்தோட நிக்குது. கத்தார்ல இருந்து மகன் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்றான், நான் எத அனுப்ப?" கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "ஒங்க கட விளம்பரம் மட்டும் நல்லா பெருசா இருக்குது."

அவர் குத்திச் சொன்னாரா, கண்ணில் பட்டதைச் சொன்னாரா, தெரியவில்லை.

எண்ணிப் பார்த்தேன். தொண்ணூற்றைந்து. பதினேழு பெயர் குறைகிறது. அந்தச் சிவப்புக் குறி.

அந்த அம்மா போனதும் பாயிஸாவிடம் வேறு ஏதோ வேலைக்குக் கேட்பதுபோலக் கேட்டேன். "பெட்டிக்குள்ள அடங்காத வரி இருக்கிண்டு அர்த்தம் முதலாளி. மறைஞ்சி நிக்கும். பிரிண்ட்ல வராது."

பின்னேரம் செயலாளரின் போன் கோல். என் வாய் எனக்கு முன்னால் பேசிவிட்டது: "டிசைன் பண்ற பிள்ளைங்க செஞ்ச பிழைங்க. நான் பாத்துக்கிறேன்."

எண்பது கிராம் காகிதம் என்று சொல்லி எழுபது கொடுத்தவன்தான் நான். அதெல்லாம் மறுநாள் மறந்துபோகும். இது அப்படி மறக்கிற சாமான் இல்லை.

ஜூலை 3, வியாழன்

பெயர்கள் விட்டுப்போனதைக் கேள்விப்பட்டுத் தனபாலன் ஃபைலைத் திறக்கப் பார்த்தான். திறக்கவில்லை. புது வெர்ஷனில் சேவ் ஆனது, பழசில் வராது என்று மெஷினே சொல்லிவிட்டது. புது வெர்ஷன் இருப்பது ஒரே மெஷினில். தேதி போயா நாள். கடைச் சாவி இருப்பது என்னிடமும், காலையில் கடை திறக்கிற பாயிஸாவிடமும்தான்.

ஃபைலை அனுப்ப மட்டும் வந்த என்னை அவன் நினைக்கவே இல்லை. முதலாளிக்கு மென்பொருள் தெரியாதே.

"புதுசு நல்லதுன்னு காட்டணும்னு தொறந்து பாத்திருக்க. பாத்தது போகட்டும், சொல்லியிருக்கலாம்ல?"

"என்ட மெஷின்தான் அண்ணா. ஆனா நான் தொறக்கல்ல. அல்லா மேல ஆணையா தொறக்கல்ல."

"அப்ப மெஷின் தானா சேவ் பண்ணிக்கிச்சா? கள்ளத்தனம் செஞ்சிட்டு ஆணை வேற."

நான் மேசைக்குப் பக்கத்தில் நின்றேன். தனபாலன் கையெழுத்து வைத்த புரூஃப் கட்டு அலுமாரியில் இருந்தது. அதில் நூற்றுப் பன்னிரண்டு பெயரும் இருக்கிறது. எனக்குத் தெரியும். "சரி சரி, ரெண்டு பேரும் வேலையப் பாருங்க" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

இந்தத் தடவை யாரும் என்னைத் தீர்ப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா?

ஜூலை 4, வெள்ளி

பாயிஸா சாவியை என் மேசையில் வைத்தாள். "கள்ளிண்டு சொன்ன எடத்துல எப்பிடி இருக்குற? உம்மாக்கு நான் எந்த மொகத்தோட சொல்ற?"

நான் தடுக்கவில்லை. இந்த மாதச் சம்பளக் கணக்கை முடித்துத் தருகிறேன் என்றேன். வேணாம் என்றாள்.

ஜூலை 7, திங்கள்

மேலே சத்தமே இல்லை. தனபாலன் சோற்றுப் பார்சலைப் பிரிக்காமலே திருப்பி எடுத்துப் போனான்.

ஜூலை 10, போயா

இன்றும் கடை பூட்டு. இன்றும் நான் மட்டும் வந்தேன். பாயிஸாவின் மெஷினைப் போட்டேன். மலர் உடனே திறந்தது. இருபத்தேழாம் பக்கம். பெட்டியின் கீழ் விளிம்பைப் பிடித்து இழுத்தேன். ஒரு விரல் அளவு இழுத்தது போதும். பதினேழு பேரும் வெளியே வந்துவிட்டார்கள். மூக்கையா கடைசிக்கு முந்திய பெயர்.

இவ்வளவுதான்யா. இந்த ஒரு விரல் எடத்துக்கு — ஒரு கோல் எடுத்துக் கேட்டிருந்தா? என்ன கெட்டுப் போயிருக்கும்? முதலாளிக்கு இது தெரியாதான்னு அதுங்க சிரிச்சிருக்கும். அதுக்குத்தான் பயந்தியா?

சிவப்புக் குறி போய்விட்டது.

ஜூலை 11, வெள்ளி

தனபாலனிடம் சொன்னேன். விளம்பரத்தைச் சொன்னேன், போயா நாளைச் சொன்னேன், அன்று பக்கத்தில் நின்று வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொன்னேன். கத்துவான் என்று நினைத்தேன். மெல்லத்தான் பேசினான்.

"நீங்க செஞ்சது ஒங்களோட போகட்டும் முதலாளி. அந்தப் புள்ளைய நான் கள்ளின்னுட்டேனே. அத நான் எங்க கொண்டு போய் வைக்க?"

ஜூலை 12, சனி

இருவரும் அக்குறணைக்குப் போனோம். பஸ்ஸில் பக்கத்து இருக்கை காலியாக இருந்தும் அவன் நின்றுகொண்டே வந்தான்.

உம்மா உட்காரச் சொன்னார், தேத்தண்ணி தந்தார். உம்மாவுக்கும் கேட்கும்படி எல்லாவற்றையும் சொன்னேன். பாயிஸா முதலில் தனபாலனைத்தான் பார்த்தாள். "நீங்களும் நம்பல்லயே அண்ணா."

பிறகு என்னிடம்: "அண்டைக்கி ஒரு கோல் எடுத்து, இந்தச் சிவப்பு என்னண்டு கேட்டீந்தா நான் சொல்லித் தந்தீப்பேன். நான் வீட்டுலதானே இருந்த."

வேலைக்கு வாம்மா என்றேன். தேத்தண்ணி ஆறிப்போயிருந்தது, குடித்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

பெயர்ப் பக்கமும் விளம்பரப் பக்கமும் சேர்ந்து வருகிற கடைசி எட்டுப் பக்கத்தை மறுபடி அடித்துப் பன்வில கொண்டுபோனேன். கோயில் முன்னால் செயலாளர், சனங்கள் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன்: பிழை என்னுடையது, பிள்ளைகள் மேல் போட்டது பொய். செயலாளர் முகம் மாறிற்று. அடுத்த வருடத்து வேலை இனி வராது. வராவிட்டால் போகட்டும்.

வீரம்மா மூக்கையாவின் பெயரைக் கண்டுபிடித்து விரலை வைத்துக்கொண்டே கேட்டார். "அப்ப விளம்பரம்?"

எடுத்துட்டேன் என்றேன். அந்தப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது.

"அட, இருந்துட்டுப் போயிருக்கலாமே. எங்க மக கலியாணத்துக்கு அட்ட அடிக்கணும்."

வேடிக்கையாகத்தான் சொன்னார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஜூலை 28, திங்கள்

பாயிஸா வந்தாள். தனபாலன் நாலு தடவை அக்குறணைக்குப் போனது இன்றுதான் எனக்குத் தெரியும். சாவியை நீட்டினேன். "தொறக்குற வேல நீங்களே பாருங்க" என்றாள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

பெரஹரா ஊர்வலக் கூட்டம். ரோட்டில் நடக்க இடமில்லை, வியாபாரமும் மந்தம். தனபாலன் ஒரு அழைப்பிதழ் புரூஃபைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "நீங்களும் கையெழுத்து வைங்க முதலாளி." அடிமட்டத்தை எடுத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்து வைத்தேன். நின்று, கடைசி வரி முடியும்வரை பார்த்திருந்து வாங்கிப் போனான்.

மத்தியானம் மேலே சத்தம். புது வெர்ஷனில் இன்னொரு புதுசு வந்திருக்கிறதாம். படத்தில் இல்லாததை அதுவே வரைந்து நிரப்புமாம். "அப்ப நம்ம ரெண்டு பேரும் எதுக்கு தங்கச்சி?" "நீங்க அடிமட்டம் புடிக்கத்தான் அண்ணா." சிரிப்பு.

படியேறிப் போனேன். வாசலில் நின்றேன். பேச்சு நின்றுவிட்டது.

"ஏதும் வேணுமா சேர்?" என்றாள் பாயிஸா. முன்னெல்லாம் முதலாளி என்பாள்.

ஒன்றுமில்லை என்று இறங்கினேன். ஆறாவது படிக்கு வரும்போது மறுபடி தொடங்கினார்கள்.