சவரியின் வள்ளம் கரை சேர்ந்த நேரம்

2006 மே 9, செவ்வாய்

சோளகக் காற்று தொடங்கிவிட்டது. மேசையெல்லாம் மணல். இந்த வாரக் குறிப்புகள்:

1. வள்ளம் கரை சேரும் நேரத்தை நொடிக்குள்ளும் பிரித்துச் சேமிப்பது.
2. பிரஷர் குளிசை முடிகிறது. வாங்க வேண்டும்.
3. மனிதர் மறப்பர், பொறி மறக்காது. ஆகவே பொறி சொல்வதே சரி.

1 முடிந்தது. மீனவர் சங்கக் கணினியில் என் புதுப் புரோகிராம். வள்ளம் வந்ததும் சங்கத்தில் பதிவெழுதும் ஜெசிந்தா பிரவுசரில் பொத்தானை அழுத்துவாள், நேரம் தானே பதியும். டேட்டாபேஸ் நொடியோடு வெட்டிவிடுகிறது. நான்கு வள்ளத்தைச் சேர்த்துப் பதிந்தால் எது முதல் என்று தெரியாது. நொடியின் மிச்சத்துக்கு ஆறு இலக்கத்தில் தனிக் கட்டம் வைத்தேன். யாருக்குத் தேவை? தெரியாது. பார்க்க அழகு.

மே 10, புதன்

புழுக்கம். ஆறு மணிக்குப் பிந்திக் கரை சேர்ந்தால் நேவி கடலுக்குப் போகும் பாஸைப் பறிக்கும். நேற்று நாங்கள் நேவிக்குக் கொடுத்த பட்டியலில் சவரிமுத்து: 18:22:41.083716. பாஸ் போய்விட்டது.

சங்கக் கந்தோர் வாசலில் சவரி: "வள்ளத்தை இழுத்துப் போட்டு, காலும் கழுவினாப் பிறகுதான், மாஸ்டர், கோயில்ல ஆறு மணி அடிச்சது. உங்கட பெட்டிக்குக் காது கேக்காதோ?"

மணி அடிப்பவரும் மனிதர்தானே என்றேன். மெதுவாகத்தான். பாஸ் இல்லாவிட்டால் கடல் இல்லை. வேறு தொழிலும் இல்லை.

பிறகு நெடுநேரம் அந்த ஆறு இலக்கங்களையே பார்த்திருந்தேன். 083716. அந்தத் துளி நேரத்தில் சவரி எங்கே? ஒரு கால் தண்ணீரில், ஒரு கால் மணலில்.

மே 11, வியாழன்

குளிசைக்கு உப்புக்குளம் மருந்துக்கடைக்குப் போகவில்லை. வீதியில் ஆமிச் சோதனை.

மதியம் பொத்தானைச் சும்மா அழுத்தினேன். அதே கணம் கோயிலில் பன்னிரண்டு மணி. ஓசை காற்றில் நீண்டு, கடல்மேல் போய், கரைந்து. திரையில் 12:30:04.

கோயில்தான் பிந்திவிட்டது என்று முதலில் நினைத்தேன். வெட்கம். என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு. ஜெசிந்தாவினதிலும்.

புரோகிராம் கிரீன்விச் நேரத்தில் சேமித்து, காட்டும்போது இலங்கை நேரமாக்கும். அதற்கான அட்டவணை என் பழைய சீடியில் இருந்து வந்தது. போன மாதம், சித்திரை வருடப்பிறப்போடு, நாடு கடிகாரத்தை அரை மணி பின்னுக்கு வைத்தது. அட்டவணைக்குத் தெரியாது. எல்லா வள்ளத்துக்கும் அரை மணி கூடுதல். மற்றவர்கள் ஐந்துக்கே வந்துவிட்டதால் அகப்பட்டது சவரி மட்டும்.

யாருமே வாழாத அரை மணி. அதற்குள் ஒரு வள்ளம் தனியே மிதந்துகொண்டிருந்தது.

மே 12, வெள்ளி

நேவி முகாம். இரண்டு தரம் பாதி வழியில் திரும்பி, மூன்றாம் தரம் போய்ச் சேர்ந்தேன். பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்திட்ட தாள். அதிகாரி தன் கடிகாரத்தைப் பார்த்தார், தாளைப் பார்த்தார்.

"மாஸ்டர், வயசு எவ்வளவு?"

"எழுபத்தொன்று."

பாஸைத் தந்தார்.

சவரி அதைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு: "பெட்டியும் உங்களை மாதிரித்தான் மாஸ்டர். பழைய நேரத்தையே பிடிச்சுக்கொண்டு நிக்குது." ஜெசிந்தா சிரித்தாள். நானும்.

குறிப்பு 3 பிழை. பொறி மறக்காது. அதுதான் வந்த வினை.